மறுபக்கம் பார்க்க

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அவளுக்கு வழங்கிய பெயர் ஏனக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டே தீருவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவளைவிட மூன்று வயது மூத்த வானொலி அண்ணன்கூட "ஏனக்கா" என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் ஆளைக் கூப்பிடுகிறாரா, கேள்வி கேட்கிறாரா என்று பிடிபடவே ஒரு மாதம் ஆகும்.

கீழ்த்தளத்தில் வேலை இதுதான்: மேலே அறுவைக் கூடத்தில் பயன்பட்ட கத்தி, கவ்வி, கிண்ணம், துணி எல்லாம் கழுவிச் சுத்தமாகி இங்கே வரும். அவற்றைப் பொட்டலமாகவும் பெட்டிகளிலும் கட்டி, ஆள் நின்றால் தலை இடிக்காத அளவுக்கு இருக்கும் ஓர் இரும்பு இயந்திரத்துக்குள் அடுக்க வேண்டும். கப்பல் கதவு மாதிரி ஒரு கதவு. சக்கரப் பிடியைச் சுற்றி இறுக்கினால் உள்ளே நீராவி இறங்கும். முப்பது நிமிடம் கழித்து, கிருமி இருந்தால் செத்திருக்கும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். போகும்போது அதிலுள்ள கோடுகள் வெளிறியிருக்கும், வரும்போது கருத்திருக்கும். கருத்ததை எடுத்து 'ஆச்சு' என்று எழுதிய அலமாரியில் வைப்பார்கள். எதிர்ச் சுவர் அலமாரியில் 'ஆகல' என்று எழுதியிருக்கும். இரண்டே சொல்லில் ஒரு துறை நடந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டில் ஒன்றோடுதான் ஏனக்காவுக்குச் சண்டை. 'ஆச்சு' என்ற எழுத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி 'போய் வந்தது' என்று எழுதி வைப்பாள். யாராவது கிழிப்பார்கள். மறுநாள் திரும்ப ஒட்டுவாள்.

"போய் வந்ததுன்னு எழுத இது என்ன பஸ் ஸ்டாண்டா?" என்பார் வானொலி.

"உள்ள போச்சு, சூடு பட்டுச்சு, வெளிய வந்துச்சு. பட்டைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அண்ணே. உள்ள கிருமி செத்துச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது வெளியதான ஒட்டிக்கிட்டிருந்துச்சு?"

"கருத்தா ஆச்சு. இருபது வருஷமா ஆச்சு ஆச்சுன்னுதான் ஓடுது."

"ஏன்னு கேக்காம ஓடுதுன்னு சொல்லுங்க."

வானொலி கையைத் தூக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல மனிதர். ஒருமுறை கேட்டதை அப்படியே திரும்பச் சொல்வார், நிறுத்தற்குறி உட்பட. அதனால்தான் அந்தப் பெயர். அறிவிப்புப் பலகையில் ஒட்டியதை மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் தேதி, கையெழுத்தோடு ஒப்பிப்பார். ஒலிபரப்பை நிறுத்தத்தான் அவரிடம் பொத்தான் இல்லை.

மனப்பாடத்தைக் கண்டால் ஏனக்காவுக்கு உடம்பே கூசும். அதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் அவளே பெரிய வானொலி.

ஒன்பது வயதில் பள்ளியில் அவள்தான் ஒப்பிப்பதில் முதல். பாட நூல் போதாதென்று வகுப்பு ஆசிரியை கைப்பட எழுதிய குறிப்புகளை நகலெடுத்துக் கொடுப்பார். முப்பத்தெட்டு பிள்ளைகளும் அதை உரு போடுவார்கள். ஒருநாள் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். மழை எப்படி வருகிறது என்று கேட்டார். ஆசிரியையின் கண் இவள்மேல் விழுந்தது. இவள் எழுந்து, கையைக் கட்டி, மூச்சு விடாமல் சொன்னாள்: "நீரானது வெப்பத்தால் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து மறுபக்கம் பார்க்க மேகமாகிறது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குனிந்து, "மேகம் எதுக்கும்மா மறுபக்கம் பாக்குது?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. ஆசிரியையின் குறிப்பில் முதல் பக்கம் 'குளிர்ந்து' என்ற சொல்லோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே, தாளைத் திருப்பச் சொல்லி எழுதிய இரண்டு சொற்களையும் சேர்த்து முழுங்கியிருந்தாள். வகுப்பு சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் காரணம் இல்லை. முப்பத்தெட்டு பேருமே அப்படித்தான் படித்திருந்தார்கள். அந்த மாதப் பரீட்சையில் முப்பத்தெட்டு தாள்களிலும் மேகம் மறுபக்கம் பார்த்தது. ஆசிரியை குறிப்பை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்தினார். அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். இவளுக்குப் பரிசாக ஒரு வடிவியல் பெட்டி.

அந்த அதிகாரியின் சிரிப்பை அவள் மறந்துவிட்டாள். முழு மதிப்பெண்ணைத்தான் மன்னிக்க முடியவில்லை. தப்புக்கு யாராவது ஒரு மதிப்பெண்ணாவது குறைத்திருந்தால், அன்றைக்கே தாளைத் திருப்பிப் பார்த்திருப்பாளே என்று இப்போதும் அவளுக்குக் கோபம் வரும். படிப்பை முடித்து, ஒரு கடையில் பில் போட்டு, கல்யாணம் ஆகி, இருபத்தாறாவது வயதில் இந்தக் கீழ்த்தளத்துக்கு வந்தபோது அவள் எடுத்திருந்த முடிவு ஒன்றே ஒன்று: இனி விளங்காததை விழுங்குவதில்லை.

இயந்திரத்தோடு வந்த கையேடு, மருத்துவமனையின் மேல் மாடிகளில் பேசப்படும் மொழியில் இருந்தது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வாங்கி, மதிய இடைவேளைகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் பக்கத்திலேயே முட்டியது. நீராவி வருமுன் உள்ளிருக்கும் காற்றுக்கு ஏதோ ஆக வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஏதோவுக்கு அகராதி சொன்ன முதல் பொருள், களைப்பு.

காற்று எதற்குக் களைக்க வேண்டும்? வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் எல்லோரிடமும் இதைக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். பெயர் வந்தது அப்போதுதான். "காத்து களைச்சிடுச்சா?" என்பது கீழ்த்தளத்தின் நிரந்தர நகைச்சுவையாகி, இன்றுவரை கதவை மூடும்போதெல்லாம் யாராவது ஒருவர் சொல்கிறார்.

அகராதியின் மூன்றாவது பொருள், வெளியேறுதல். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. ஆனால் அந்த நான்கு நாளும் காற்றைப் பற்றியே யோசித்ததில் வேறொன்று கிடைத்தது. இயந்திரத்துக்குள் நீராவி மேலேயிருந்து இறங்குகிறது. கனமான காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே வருகிறது. அடியிலுள்ள துளை வழியாகக் காற்று ஓடிவிடுகிறது. அப்படியானால் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால்? அதில் காற்று தேங்கி நிற்கும். நீராவி அதைத் தொடவே தொடாது. வீட்டில் பாத்திரம் கவிழ்த்து வைக்கும்போது இது சட்டென்று உறைத்தது. காற்றைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் வடிகிற மாதிரி வைத்தால் காற்றும் வடியும். அன்று சமையலறையில் ஒரு தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். எட்டிப் பார்த்து, "என்ன, தட்டு ஏதாவது பேசுதா?" என்றான்.

"பேசுது. இவ்வளவு நாளா நான்தான் கேக்கல."

அதன்பிறகு அவள் அடுக்கும் சுமையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். கிண்ணங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கும், பொட்டலங்களுக்கு நடுவே விரல் நுழையும். எந்த விதியையும் அவள் மனப்பாடமாகச் சொன்னதில்லை. கேட்டால், "தண்ணி எங்க போகும்னு பாருங்க" என்பாள்.

இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு தேர்வு வந்தது.

இனி இயந்திரத்தைத் தொடுகிற எவரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. நூறு கேள்வி, நூறு வட்டம். சரியான வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், கணினி திருத்தும். ஐந்து கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தில் ஒன்று தப்பினாலும் தேர்வில் தோல்வி. தோற்றவர்களுக்கு வேலை போகாது, சம்பளமும் குறையாது. இயந்திரத்தை விட்டு மடிப்பு மேசைக்குப் போக வேண்டும். அறையின் மறு கோடியில் நின்றுகொண்டு போர்வையும் துண்டும் மடிக்கலாம், ஓய்வு பெறும்வரை.

தேர்வு அறிவித்த மூன்றாம் நாளே விடைப் புத்தகம் வந்துவிட்டது. நூறு கேள்வி, நூறு விடை, தேர்வு அலுவலகமே அச்சிட்டது. வானொலி அதை இரண்டே நாளில் கரைத்துக் குடித்தார். பிறகு வேலை நேரம் முழுக்க ஒலிபரப்புதான். பொட்டலம் கட்டிக்கொண்டே, "ஒண்ணு இ, ரெண்டு அ, மூணு அ, நாலு ஈ..." என்று ராகம் போட்டுப் பாடுவார். கூடவே புதுசு பின்பாட்டுப் பாடுவாள். புதுசு வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் பெயர் பழசாகவில்லை.

"கேள்வி என்னன்னு தெரியாம எழுத்தை மட்டும் பாடுறீங்களே அண்ணே?" என்றாள் ஏனக்கா.

"கேள்வியை அவங்க கொண்டு வருவாங்க. விடையை நாம கொண்டு போனா போதாதா?"

புதுசு சிரித்து ஊசி இருந்த தட்டைக் கொட்டிவிட்டாள்.

ஏனக்கா புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். தொண்ணூற்றொன்பது கேள்வி ஒழுங்காகவே இருந்தன. நாற்பத்தொன்றில் நின்றாள். நட்சத்திரக் கேள்வி. 'பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டையின் கோடுகள் கருத்திருந்தால் அதன் பொருள் என்ன?' அ: உள்ளிருக்கும் கருவிகள் கிருமியற்றவை. ஆ: பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்திருக்கிறது. கீழே இன்னும் இரண்டு, பேருக்கு. சரியான விடை என்று புத்தகம் சொன்னது, அ.

அவளுக்குக் காது மடல் சூடானது. அச்சடித்த எழுத்தில், நட்சத்திரம் குத்தி, அந்தப் பழைய 'ஆச்சு'.

வீட்டில் சொன்னபோது கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு மட்டும் அவன் கேட்டதைக் கருப்படிச்சுக் குடுத்துட்டு வா. மறுநாள்லேர்ந்து உன் இஷ்டப்படி அடுக்கு. நான் லைசென்சு வாங்கினப்போ எப்படி வாங்கினேன்னு நினைக்கிற? இருபது பலகை. எது எதுக்குப் பக்கத்துல வரும்னு வரிசையா உரு போட்டேன். இப்பவும் மார்க்கெட் முக்குல ஒரு பலகை நிக்குது, அது என்ன சொல்லுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாமதான் அம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"மெதுவாதான் போறேன்."

"நானும் சும்மாதான் கேக்குறேன். அந்த முக்குல என் தங்கச்சி வீடு இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல் தண்ணீர் குடித்தான். "உனக்கு மிஷின் வேணுமா, விடை வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும் வேணும்."

"அப்போ ரெண்டும் போகும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னான். இருபத்திரண்டு வருடமாக இரவு படுக்கும்போது அவள் சொல்லும் கதைகளில் பாதி அந்த இயந்திரத்தைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியும். அதை விட்டு அவளைப் பிரித்தால் வீட்டில் என்ன மிஞ்சும் என்ற கவலை அவனுக்கு.

தேர்வு ஒரு கூட்ட அரங்கில் நடந்தது. சுற்றி எல்லோரும் கேள்வித்தாளைத் திறக்கும் முன்பே வட்டங்களைக் கருப்பாக்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து வரிசையில் வானொலியின் உதடு ஓசையில்லாமல் ராகம் போட்டது. ஏனக்கா ஒவ்வொரு கேள்வியையும் படித்தாள். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அ வட்டம் சின்னதாக, வெறுமையாக இருந்தது. கடுகளவு கருப்பு பூசினால் போதும், இயந்திரம் அவளுடையது. கை ஒருமுறை அதன் பக்கம் போகக்கூடப் போனது. அப்போது தோன்றியது: கருப்பாக இருந்தால் சரி என்று நம்புகிற ஒரு கணினி, கருப்பாக இருந்தால் சரி என்று நம்புகிற ஒரு கேள்வியைத் திருத்தப் போகிறது. உள்ளே என்ன வெந்தது, என்ன வேகவில்லை என்று இரண்டுமே பார்க்கப் போவதில்லை. அவளுக்குத் தன்னை மறந்து சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்றவர், "அங்க என்ன?" என்றார்.

ஆ வட்டத்தை நிதானமாக, விளிம்பு பிசகாமல் கருப்பாக்கினாள். பக்கத்தில் இரண்டு சொல் எழுதினாள்: மறுபக்கம் பார்க்க.

பிறகு தாளைத் திருப்பி, பின்புறம் முழுக்க எழுதினாள். பட்டைக்கு எது தெரியும், எது தெரியாது. பொட்டலத்துக்குள் செருகி அனுப்பும் காட்டித்தாள் எதற்கு. காற்று வடியாவிட்டால் என்ன ஆகும். படம்கூடப் போட்டாள், ஒருக்களித்த கிண்ணம் ஒன்று, நிமிர்ந்த கிண்ணம் ஒன்று.

கணினி மறுபக்கம் பார்க்கவில்லை.

தொண்ணூற்றொன்பது வாங்கித் தோற்றவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். வானொலிக்கு நூறு. புதுசுக்குத் தொண்ணூற்றிரண்டு, நட்சத்திரம் ஐந்தும் சரி. துறைப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர் ஏனக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கண்டிப்பானவர், ஆனால் ஆள் அருமை தெரிந்தவர்.

"அடுத்த திங்கள் மறுதேர்வு. உனக்காகக் கெஞ்சி வாங்கியிருக்கேன். நாப்பத்தொண்ணுல அ-வைக் கருப்பாக்கு. முடிஞ்சது."

"கருப்பாக்கினா ஆச்சா சிஸ்டர்?"

"ஆச்சு."

"அதுதான் சிஸ்டர் தப்பான விடை."

பெரிய சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதா? நான் எத்தனை வருஷம் அறுவைக் கூடத்துல நின்னவ? தேர்வு வேற, வேலை வேற. தேர்வுல கேக்குறதைக் குடு, வேலையில தெரிஞ்சதைச் செய்."

"இதே பேச்சைக் கேட்டுத்தான் சிஸ்டர் நான் வளர்ந்தேன். தேர்வு வேற, மழை வேறன்னாங்க. நாளைக்கு இங்க புதுசா ஒருத்தி வருவா. அவளுக்குச் சொல்லிக்குடுக்க நானும் இருக்கமாட்டேன், நீங்களும் இருக்கமாட்டீங்க. அந்தப் புத்தகம் மட்டும்தான் இருக்கும். அவ அதை நம்புவா. நம்பிப் பொட்டலத்தை மேல அனுப்புவா."

"மடிப்பு மேசைக்குப் போகணும். தெரியும்ல?"

"மடிப்பேன். தப்பை மட்டும் கருப்படிக்கமாட்டேன்."

போனாள். அறையின் மறு கோடி. போர்வையை இரண்டாக, நான்காக, எட்டாக. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக இயந்திரத்துக்கு முதுகு காட்டி நின்றாள். ஆனால் காது இருந்ததே. நீராவி இறங்கும் சீறலைக் கேட்டே சுமை சரியாக அடுக்கியிருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் நாள் கேட்டது பிடிக்காமல் கை மடிப்பில் நின்றது. மூன்றாம் நாள், மதிய இடைவேளையில் இயந்திரம் காலியாக இருந்தபோது, வானொலி சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு அவளிடம் வந்தார்.

"ஏனக்கா. மூணு நாளா முதுகுல கண்ணை வெச்சுக்கிட்டு நிக்கிற. ஒரு பொட்டலத்தை ரெண்டு தரம் பிரிச்சுக் கட்டுறேன். நூறு வாங்கினவன் நான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணே."

"அதான் பயமா இருக்கு. நீ சொல்லாம இருந்ததே கிடையாது." குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே, பட்டை கருத்தும் உள்ள வேகாம வருமா? இல்ல வீம்புக்குச் சொல்றியா?"

"நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம். இன்னொரு விடையா அதையும் பாடிடுவீங்க. பெட்டியை எடுங்க."

கட்டுத்துணி வைக்கும் வட்டப் பெட்டி ஒன்று. அதன் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள், அவற்றைத் திறந்து மூட ஒரு நகரும் தகடு. உள்ளே போகும்போது துளை திறந்திருக்க வேண்டும், வெளியே வந்ததும் மூட வேண்டும். ஏனக்கா தொடவில்லை, அவளுக்கு அனுமதி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வானொலி துணியை நிரப்பினார். நடுவில் காட்டித்தாளைச் செருகினார். விரல் நீளத் தாள். சூடும் நீராவியும் நேரமும் மூன்றும் சேர்ந்து கிடைத்தால்தான் அதில் கருமை ஒரு முனையிலிருந்து ஊர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டும். அறுவைக் கூடத்தில் பெட்டியைப் பிரிக்கிறவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் வானொலி ஆயிரக்கணக்கில் செருகியிருக்கிறார், ஒன்றுகூடத் திரும்பி வந்து பார்த்ததில்லை.

"துளையை மூடுங்க" என்றாள்.

"மூடக்கூடாதே. எழுபத்திரண்டாவது கேள்வி, ஈ."

"ஏன் மூடக்கூடாது?"

வானொலி தகட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். "ஈ" என்றார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக.

மூடினார். வெளியே பட்டையை ஒட்டினார். கதவு இறுகியது. "காத்து களைச்சிடுச்சா?" என்று புதுசு பழக்கத்தில் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

முப்பது நிமிடம், ஆறுவதற்கு இன்னொரு இருபது. பெட்டி வெளியே வந்தது. பட்டையின் கோடுகள் மை பூசியதுபோலக் கன்னங்கரேலென்று இருந்தன.

"ஆச்சு" என்றார் வானொலி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூடியைத் திறந்து, துணிக்குள் கையை விட்டுத் தாளை உருவினார். கருமை தொடங்கிய இடத்திலிருந்து நெல்மணி அளவுகூட நகரவில்லை. எல்லைக்கோடு தூரத்தில் தனியாக நின்றது. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி, மூடிய துளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"உள்ள இருந்த காத்துக்குப் போக வழியில்ல" என்றார், யாரிடமும் இல்லாமல். "அது போகாம இது எப்படி வரும்? அடேங்கப்பா. அதனாலதான் ஈ-யா?"

எழுபத்திரண்டாவது விடை அவருக்கு அந்த மத்தியானம்தான் கிடைத்தது.

தாளைக் கையில் பிடித்தபடியே அவர் மாடியேறினார். ஏனக்கா மடிப்பு மேசைக்குத் திரும்பினாள். பின்னால் நடந்ததைப் புதுசு சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். புதுசு அவர் பின்னாலேயே ஓடியிருந்தாள்.

வானொலி பெரிய சிஸ்டரின் மேசையில் காட்டித்தாளை வைத்துவிட்டு, "என் நூறுல ஒண்ணைக் குறைச்சுடுங்க சிஸ்டர்" என்றாராம்.

"என்னது?"

"நாப்பத்தொண்ணு எனக்குத் தப்பு."

"குறைச்சா தோல்விய்யா உனக்கு. நட்சத்திரக் கேள்வி."

"அறிவிப்பு எண் பதினேழு, பத்தி மூணு, தெரியும் சிஸ்டர். நானும் மடிக்கப் போறேன்."

புதுசு கையைத் தூக்கினாளாம், வகுப்பில் தூக்குவதுபோல. "எனக்கும் சிஸ்டர்."

"மூணு பேரும் போர்வை மடிச்சா மிஷினை யாரு ஓட்டுறது? நானா?"

"அந்த விடைப் புத்தகத்தை ஓட்டச் சொல்லுங்க" என்றார் வானொலி. ஐம்பத்தொரு வயதில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும் என்று புதுசு இன்றும் சத்தியம் செய்கிறாள்.

மறுநாள் காலை மடிப்பு மேசையில் மூன்று பேர் நின்றார்கள். மேலே அறுவைக் கூடத்தில் கருவி இல்லாமல் இரண்டு அறுவைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. அவசரத்துக்கு வேண்டியதைப் பெரிய சிஸ்டரே சக்கரப் பிடியைச் சுற்றி அனுப்பினார். கிண்ணங்களை ஒருக்களித்துத்தான் அடுக்கினார். அதைத் திரும்பிப் பார்த்தவள் ஏனக்கா ஒருத்திதான். மத்தியானத்துக்குள் பெரிய சிஸ்டர், ஏனக்காவின் தாளைத் தேர்வு அலுவலகத்திலிருந்து வரவழைத்து, பின்புறத்தை நகலெடுத்து, வெளிறிய காட்டித்தாளைக் கூடவே ஒட்டி, தன் கையெழுத்தைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்.

எட்டாம் நாள் பதில் வந்தது, அதுவரை சக்கரப் பிடி பெரிய சிஸ்டரின் கையில்தான். இரண்டே வரி. 'வினா எண் 41 வினாத்தாளிலிருந்து நீக்கப்படுகிறது. அவ்வினாவின் பொருட்டுத் தோல்வியுற்றோர் தேர்ச்சி பெற்றவராகக் கருதப்படுவர்.' கூடவே ஏனக்காவின் சான்றிதழ், முத்திரையோடு, கெட்டித் தாளில்.

புதுசு துள்ளினாள். வானொலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். கணவன் தொலைபேசியில், "அப்பாடா, ரெண்டும் கிடைச்சுச்சா?" என்றான்.

"ஒண்ணுதான்" என்றாள் ஏனக்கா. "கேள்வியை எடுத்துட்டாங்களாம். ஏன் எடுக்கணும்? கேள்வி நல்ல கேள்வி. விடைதான் கெட்டது."

"விடேன்டி, இத்தோட."

"மார்க்கெட் முக்குப் பலகை என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா யார்கிட்டயாவது?"

"கேட்டேன்" என்றான். "பெரிய வண்டி உள்ள போகக்கூடாதாம்."

அவள் சான்றிதழைக் கையில் எடுத்தாள். பழக்கம் விடவில்லை, திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது, நல்ல வழவழப்பான வெள்ளை. பேனாவைத் திறந்தாள். முன்பக்கத்தின் கீழ் ஓரத்தில், முத்திரைக்குப் பக்கத்தில், அந்த இரண்டு சொற்களை எழுதினாள். திருப்பி, நாற்பத்தொன்றாம் கேள்வியைத் திரும்பச் சேர்க்க வேண்டும், விடை ஆ, காரணம் பின்வருமாறு என்று தொடங்கினாள்.

வானொலி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, சான்றிதழ்ல யாராவது எழுதுவாங்களா? இதைச் சுவத்துல மாட்டணும்!"

"எழுதி முடிச்சதும் நகல் எடுத்து மாட்டுங்க அண்ணே. அசல் மேலிடத்துக்குப் போகட்டும். ரெண்டு பக்கமும் மாட்டுங்க."

"ரெண்டு பக்கத்தையும் எப்படி மாட்டுறது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சற்று யோசித்தார். பிறகு போய், 'போய் வந்தது' அலமாரிக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் தொங்குகிற மாதிரி, உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.